நாணயத்தை நம்பிய பெட்டி

பாத்திர வியாபாரத்தில் இருப்பவர்களுக்குப் புதுச் சரக்கைக் காட்டிலும் உடைசல்தான் பல நேரங்களில் பாடம் சொல்லும். கல்யாணத்துக்கு அண்டா, குத்துவிளக்கு வாங்க வருகிறவர்கள் வீட்டில் கிடக்கும் ஓட்டைக் குடம், காது போன சருவம், நசுங்கிய செம்பு எல்லாவற்றையும் சாக்கில் கட்டிக்கொண்டு வந்து கொட்டுவார்கள். எடை போட்டு, விலையைக் கழித்துக்கொண்டு, மீதியை வாங்கிக்கொள்வோம். அந்தச் சாக்குக்குள்ளிருந்து எதுவும் வரலாம். நமது தந்தையார் காலத்தில் ஒரு சாக்கிலிருந்து இசைத்தட்டுப் பெட்டியின் ஊதுகுழாய் வந்ததும், இன்னொன்றிலிருந்து உயிரோடு தேள் வந்ததும் உண்டு.

நாம் இங்கே சொல்ல வருவது ஒரு பெட்டியைப் பற்றி. அது என்ன பெட்டி என்று கண்டுபிடிக்க நமக்கு ஏழு மாதம் ஆயிற்று. கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது என்று முடிவெடுக்க மேலும் ஒரு மாதம் ஆயிற்று. உறுப்பினர்கள் சிலர் கடைக்கு வரும்போது கல்லாவுக்குப் பக்கத்தில் அதைப் பார்த்துவிட்டு விவரம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

1996-ஆம் ஆண்டு தை மாதக் கடைசி. நமக்கு அப்போது முப்பத்தேழு வயது. கடையில் தந்தையார் சொல்வதுதான் கணக்கு. குன்னூருக்கு மேலே ஓர் எஸ்டேட் பக்கத்திலிருந்து பெரியவர் ஒருவர் வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். வெள்ளைக்காரத் துரை வீட்டில் பட்லராக இருந்தவர். துரை ஊருக்குப் போகும்போது விட்டுச்சென்ற சில சாமான்கள் இவருக்கு வந்திருக்கின்றன. பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் பணம் கட்ட வேண்டும் என்று இரண்டு மெழுகுவர்த்தித் தாங்கி, ஒரு தட்டு, இந்தப் பெட்டி ஆகியவற்றைக் கொண்டுவந்திருந்தார்.

பெட்டியை ஆட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம்.

"முதலாளி, உள்ள ஏதோ சில்லறை கிடக்குதுங்க. சாவி தொலைஞ்சு போச்சு. அதையும் சேர்த்தே போட்டுக்குங்க" என்றார் பெரியவர்.

தந்தையார் ஒப்புக்கொள்ளவில்லை. "அது உங்க காசுங்க பெரியவரே. பித்தளை விலைக்குக் காசை நிறுக்கிற பழக்கம் நம்மகிட்ட இல்லீங்க. ஆளைக் கூப்பிட்டுத் திறந்து கொடுத்துடறேன், ஒரு மணி நேரம் உட்காருங்க" என்றார். பெரியவருக்குப் பேருந்தைப் பிடிக்கிற அவசரம். சரி என்று பெட்டியை மட்டும் தனியாக நிறுத்தோம். 2 கிலோ 150 கிராம். அன்று நாம் உடைசல் பித்தளை எடுத்த விலை கிலோவுக்கு 65 ரூபாய். 139 ரூபாய் 75 காசு வந்ததை 140 ஆக்கிக் கொடுத்தோம். கொள்முதல் நோட்டில் பெயர், ஊர், எடை எழுதி, பக்கத்தில் "உள்ளே சில்லறை, திறந்து பார்த்துச் சொல்ல வேண்டும்" என்று தந்தையார் தம் கையாலேயே எழுதினார். அந்த ஒரு வரிதான் பின்னால் வழி காட்டியது.

உருக்கப் போகும் சாக்கில் அதைப் போடவேண்டியதுதான். ஆனால் பெட்டியின் வேலைப்பாடு தந்தையாரின் கையைத் தடுத்தது. ஒன்பது அங்குல நீளம், நாலரை அங்குல அகலம். கனத்த பித்தளைத் தகடு. மேலே நடுவில் ஒரு கைப்பிடி. கைப்பிடிக்கு இந்தப் பக்கம் ஒரு மூடி, அந்தப் பக்கம் ஒரு மூடி. ஒரு மூடியில் சாவித் துவாரம் இருந்தது. அதற்கருகில் உண்டியலில் இருப்பது போல் ஒரு பிளவு. இன்னொரு மூடியில் எதுவுமே கிடையாது. சாவித் துவாரமும் இல்லை, பிடித்துத் தூக்கக் குமிழும் இல்லை. நகத்தை விட்டு நெம்பினாலும் அசையவில்லை. மூடியின் மேல் ஆங்கில எழுத்துகள் நாலைந்து வரி வெட்டப்பட்டிருந்தன. பாதிக்கு மேல் தேய்ந்துவிட்டன.

கடைவீதி முழுக்க வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மாதா கோயில் காணிக்கைப் பெட்டி என்றார் ஒருவர். மைக்கூடு வைக்கிற பெட்டி என்றார் நமது கணக்குப்பிள்ளை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் சற்று விவரமாகச் சொன்னார். சீமையில் தேயிலை விலை மிகுந்திருந்த காலத்தில் வேலைக்காரர்கள் எடுத்துவிடாமல் இருக்க இரண்டு அறை வைத்த பூட்டுப் பெட்டியில் தேயிலையை வைத்து, சாவியை வீட்டுக்காரி தம்மிடமே வைத்துக்கொள்வாராம். அது உண்மைதான், அப்படிப்பட்ட பெட்டிகள் உண்டு. ஆனால் தேயிலைப் பெட்டிக்குக் காசு போடும் பிளவு எதற்கு? அவரும் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

விடை தற்செயலாகக் கிடைத்தது. பள்ளி விடுமுறையில் கடைக்கு வந்திருந்த நமது மகன், பிளவைப் பார்த்தால் பையன்கள் செய்வதைச் செய்தான். கல்லாவிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துப் போட்டான். உள்ளே போய்விட்டது. திரும்ப எடுக்க வழியில்லை. இன்னொன்று போட்டான். மூன்றாவதும் போய்விட்டது. மூன்று ரூபாய் போனதற்காக நாம் சத்தம் போட்டுக்கொண்டிருக்க, தந்தையார் மட்டும் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காசு சின்னது. பிளவு பெரிசு. இது அந்தக் காசுக்குச் செஞ்சதில்லை" என்றார்.

1992-லிருந்து வந்த எவர்சில்வர் ரூபாய் 25 மில்லிமீட்டர் குறுக்களவு. அதற்கு முன்னால் 1975 முதல் 1982 வரை அடித்த ரூபாய் 28 மில்லிமீட்டர், 8 கிராம் எடை. அப்போது அந்தப் பெரிய ரூபாயும் புழக்கத்தில் இருந்தது. தந்தையார் அதில் ஒன்றைத் தேடி எடுத்துப் பிளவில் வைத்துக் கட்டை விரலால் அழுத்தினார். 'டக்' என்று ஒரு சத்தம். காசு போட்ட பக்கத்து மூடி அசையவில்லை. சாவித் துவாரம் இல்லாத அந்த மொட்டை மூடி தானாக எழும்பித் திறந்துகொண்டது.

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் கூடிவிட்டோம். உள்ளே வெறுமையாக இருந்தது. அடிமூலையில் மட்டும் பற்றவைத்த இடத்தில் பழுப்பாகத் தூள் ஒட்டியிருந்தது. வெற்றிலை, புகையிலை போடும் நமது கணக்குப்பிள்ளை ஒரு துணுக்கைக் கிள்ளி மூக்கில் வைத்துப் பார்த்தார். "புகையிலைங்க. இதுல சந்தேகமே வேண்டாம்" என்றார். சில விஷயங்களில் நிபுணர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள்.

புகையிலைப் பெட்டி என்பது தெரிந்துவிட்டது. ஆனால் காசு போட்டால் திறக்கும் புகையிலைப் பெட்டியை யார் வைத்திருப்பார்கள்?

அப்போது நமது வீதி நண்பர் ஒருவர், தம் வீட்டில் தாத்தா காலத்து வெள்ளைக்காரப் புகையிலைப் பெட்டி இருப்பதாகச் சொல்லிக் கொண்டுவந்து காட்டினார். அது வேறு ஜாதி. ஆனாலும் அதைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லவேண்டும். ஏனென்றால் நம் பக்கத்துப் பழைய பட்டாளக்காரர்கள் வீடுகளில் அது இன்னும் கிடக்கக்கூடும். முதல் உலகப் போர் தொடங்கிய 1914-இல் இங்கிலாந்து மன்னரின் மகள் இளவரசி மேரி, அப்போது பதினேழு வயது, பொதுமக்களிடம் நிதி திரட்டிப் படைவீரர் ஒவ்வொருவருக்கும் கிறிஸ்துமஸ் பரிசாக ஒரு சிறு பித்தளைப் பெட்டி அனுப்பினார். ஐந்து அங்குல நீளம், மூன்றேகால் அங்குல அகலம். மூடியின் நடுவில் இளவரசியின் முகம், இருபுறமும் எம் என்ற எழுத்து, கீழே 1914 கிறிஸ்துமஸ் என்ற வாசகம். சுற்றிலும் நேச நாடுகளின் பெயர்கள். அதில் செர்பியாவை அக்கால வழக்கப்படி 'செர்வியா' என்று போட்டிருக்கும். புகை பிடிக்கும் வெள்ளைச் சிப்பாய்க்கு ஓர் அவுன்சு புகையிலை, இருபது சிகரெட், ஒரு பைப்பு. சீக்கியர்களுக்குப் புகையிலை ஆகாது என்பதால் கற்கண்டும் ஒரு டப்பா மசாலாவும் வைத்தார்கள். மற்ற இந்தியப் படைகளுக்குச் சிகரெட், கற்கண்டு, மசாலா. இன்னாருக்கு இன்னது பிடிக்கும், இன்னது ஆகாது என்று பார்த்துச் சரக்கு அனுப்பியிருக்கிறார்கள். மொத்த வியாபாரியாக நாம் இதை மெச்சாமல் இருக்க முடியாது. பித்தளை போதாமல் அமெரிக்காவிலிருந்து தருவித்த தகடு, 1915 மே மாதம் ஜெர்மானியர் மூழ்கடித்த லூசிடானியா கப்பலோடு கடலுக்குள் போயிற்று. ஆகையால் எல்லோருக்கும் பெட்டி போய்ச் சேரப் பல ஆண்டுகள் பிடித்தன. மொத்தம் 26 லட்சத்துக்கு மேல் கொடுத்திருக்கிறார்கள்.

நண்பரின் பெட்டி அதுதான். நம்முடையது அதுவல்ல.

அந்த ஆண்டுக் கோடையில் நமக்குத் தெரிந்த திருப்பூர் பனியன் ஏற்றுமதியாளர் ஒருவர் இலண்டன் போனார். பெட்டியை மூடியபடி ஒன்றும், திறந்தபடி ஒன்றுமாகப் புகைப்படம் எடுத்துக் கொடுத்தனுப்பினோம். அங்கே போர்ட்டபெல்லோ ரோடு என்ற இடத்தில் சனிக்கிழமைதோறும் பழம்பொருள் சந்தை கூடும். பழைய பித்தளை மட்டுமே விற்கும் கடைக்காரர் ஒருவர் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் பெயரைச் சொல்லிவிட்டாராம். 'ஹானர் பாக்ஸ்'. நண்பர் அங்கிருந்தே கடிதம் எழுதினார்.

ஹானர் என்றால் மானம், கௌரவம், வாக்குத் தவறாமை எல்லாம்தான். ஆனால் வியாபாரிகளாகிய நமக்கு அதற்கு ஒரே சொல்தான் உண்டு. நாணயம். காசுக்கும் அதே சொல், கைச்சுத்தத்துக்கும் அதே சொல். வெள்ளைக்காரன் ஒரு பெட்டி செய்து காட்டியதை நம் பாஷை ஒரே வார்த்தையில் வைத்திருக்கிறது. நாணயப் பெட்டி என்றால் இரண்டு பொருளும் வந்துவிடுகிறது.

பெட்டி வேலை செய்த விதம்

இங்கிலாந்தில் குடிவிடுதிகள் அந்நாளில் குடிப்பதற்கு மட்டுமான இடமல்ல. வண்டிக்காரர், மாட்டு வியாபாரி, தச்சர், கொல்லர் எல்லோரும் மாலையில் கூடுமிடம். எல்லோரிடமும் களிமண் பைப்பு இருக்கும், விடுதியிலும் கிடைக்கும். புகையிலையோ விலை அதிகம். 1604-இல் முதலாம் ஜேம்ஸ் மன்னர் புகையிலையைத் திட்டி ஒரு நூலே எழுதினார். அதோடு நிற்காமல், பவுண்டுக்கு 2 பென்சாக இருந்த சுங்கத்தை 6 ஷில்லிங் 10 பென்சாக ஏற்றினார். நாற்பது மடங்குக்கு மேல்! அக்காலத்துக் களிமண் பைப்புகளின் கிண்ணம் மிகச் சிறியதாக இருக்கும். போகப்போகப் புகையிலை மலிந்த பிறகுதான் கிண்ணமும் பெரிதாயிற்று. பூமியில் தோண்டி எடுக்கும் பைப்புத் துண்டுகளின் கிண்ண அளவை வைத்தே காலம் சொல்கிறார்கள்.

ஒரு பைப்பு அளவு புகையிலையை யார் நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பது? கூட்ட நேரத்தில் விடுதிக்காரருக்குக் கை ஓயாது. அதற்குத்தான் இந்தப் பெட்டி. ஓர் அறையில் புகையிலையை நிரப்பி மேசைமேல் வைத்துவிடுவார். வேண்டியவர் பிளவில் அரைப் பென்னி போடுவார். காசு உள்ளே விழும்போது ஒரு நெம்பை அழுத்தும். நெம்பு கொக்கியை விடுவிக்கும். வில் மூடியைத் தூக்கிவிடும். காசு அடுத்த அறைக்குள் போய்விடும். அதன் சாவி விடுதிக்காரரிடம். கைப்பிடி இருப்பதால் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குத் தூக்கிக் கொடுக்கலாம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. பெட்டி காசை மட்டும்தான் வாங்கும், சரக்கை அளக்காது. மூடி திறந்தபின் முழுப் புகையிலையையும் அள்ளிப் பையில் போட்டுக்கொள்ளலாம்; தடுக்க ஒன்றுமில்லை. ஒரு பைப்புக்கு மேல் எடுக்கமாட்டார் என்பது நம்பிக்கை. அதைவிடப் பெரிய நம்பிக்கை இன்னொன்று. எடுத்தவர் மூடியை மூட வேண்டும். மூடாமல் விட்டால் அடுத்தவர் காசில்லாமல் எடுப்பார். நமது பெட்டியின் மேல் தேய்ந்துபோன வரிகள் அதைத்தான் சொல்கின்றன என்று நண்பரின் கடிதத்தைப் பார்த்த பிறகு படிக்க முடிந்தது. நிரப்புவதற்கு முன் காசு போடு, நிரப்பியதும் உடனே மூடு, இல்லாவிட்டால் ஆறு பென்சு அபராதம் என்பது அதன் சாரம். அரைப் பென்னிச் சரக்குக்கு ஆறு பென்சு என்றால் பன்னிரண்டு மடங்கு. அபராதத்தை வசூலிக்கப் போலீசு இல்லை, சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள்தான்.

காசு போட்டால் சரக்கு தரும் எந்திரம் புதிதல்ல. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் ஹீரோன் என்ற கிரேக்க அறிஞர் கோயில் தீர்த்தத்துக்கு இப்படி ஒன்றை எழுதிவைத்திருக்கிறார். காசு ஒரு தட்டில் விழும், தட்டு தாழும், அடைப்பு திறந்து தண்ணீர் வரும், காசு சரிந்து விழுந்ததும் அடைப்பு மூடிக்கொள்ளும். 1880-களில் இலண்டனில் பெர்சிவல் எவரிட் என்பவர் அஞ்சலட்டை தரும் எந்திரம் வைத்தார். அவை எல்லாம் ஒரு காசுக்கு ஓர் அளவு என்று கறாராக அளந்து கொடுப்பவை. நடுவில் வந்த இந்தப் புகையிலைப் பெட்டி ஒன்றுதான் பாதியை எந்திரத்திடமும் பாதியை மனிதனிடமும் விட்டது.

காலமும் கலப்படமும்

இவ்வகைப் பெட்டிகள் 1600-களிலேயே இருந்ததாகச் சொல்கிறார்கள். இன்று பார்க்கக் கிடைப்பவை பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டினவை. நம்முடையதின் காலத்தைக் காசே ஓரளவு சொல்லிவிட்டது. இங்கிலாந்தில் 1860-இல் நாணயத்தை மாற்றினார்கள். அதற்குமுன் அரைப் பென்னி செம்புக் காசு, 28 மில்லிமீட்டர், ஒன்பது கிராமுக்குக் கொஞ்சம் மேலே. அதற்குப்பின் வெண்கலக் காசு, சரியாக ஓர் அங்குலம், எடையும் ஆறு கிராமுக்குள். நமது பெட்டியோ ஓர் அங்குலக் காசை மதிக்காமல் விழுங்கிவிட்டு, 28 மில்லிமீட்டர் காசுக்கு மட்டும் திறந்தது. ஆகவே 1860-க்கு முந்தியது என்று கொள்வதில் தவறில்லை. 25 மில்லிமீட்டர் ரூபாயை மகன் போட்டு இழந்த மூன்று ரூபாயும் வீண்போகவில்லை.

பழையதைப் போலச் செய்த புதுப் பெட்டிகளும் நிறைய உலவுகின்றன. இதில் நம்மவர்கள் ஏமாற வேண்டியதில்லை, பித்தளை நமக்குத் தெரிந்த சரக்கு. கைப்பிடி எங்கே விரல் படுமோ அங்கே மட்டும் தேய்ந்திருக்க வேண்டும். எல்லா இடமும் ஒரே மாதிரி மழுங்கியிருந்தால் யாரோ அரம் போட்டிருக்கிறார்கள். காசு விழும் அறையின் அடித்தகட்டில் காசு முனை பட்ட சிறு வடுக்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும்; அதைப் போலியாகச் செய்ய யாருக்கும் பொறுமை இருக்காது. திருகாணிகளின் மறை ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருந்தால் நல்லது. 1841-இல் விட்வொர்த் என்பவர் திருகு மறைக்கு ஒரே அளவு வேண்டும் என்று முறை வகுப்பதற்கு முன், ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டத்துக்கு மறை வெட்டியது. நமது பெட்டியில் நான்கு திருகாணி. ஒன்றைக் கழற்றி மற்றொன்றின் இடத்தில் வைத்தால் ஏறவில்லை.

எழுத்தும் ஒரு சாட்சி. கையால் வெட்டிய எழுத்தின் பள்ளம் ஆழமும் அகலமும் மாறிமாறி வரும். களிம்பு பள்ளத்தின் அடிவரை இறங்கிக் கறுத்திருக்கும்.

இந்த இடத்தில்தான் நமக்கு நேர்ந்த நஷ்டத்தைச் சொல்ல வேண்டும். நண்பரின் கடிதம் வருவதற்குப் பதினைந்து நாள் முன்னால், ஆடி வெள்ளிக்கு வீட்டு விளக்குகளைத் துலக்கியபோது, கடையிலிருந்து கொண்டுபோயிருந்த இந்தப் பெட்டியையும் வீட்டில் புளியும் செங்கல் பொடியும் போட்டுப் பளபளவென்று தேய்த்துவிட்டார்கள். நூற்றைம்பது ஆண்டுக் கறுப்பு அரை மணி நேரத்தில் போயிற்று. கடிதத்தில் அந்தச் சந்தைக்காரர் சொன்ன விலை இருந்தது. படத்தில் இருக்கும் நிலையில் கொண்டுவந்தால் 200 பவுன் தருவேன், மெருகு ஏற்றியிருந்தால் பாதிகூடத் தேறாது என்று. அன்றைய மாற்றில் பவுனுக்கு ஏறத்தாழ 55 ரூபாய். பதினோராயிரம் ரூபாய் பெட்டி ஐயாயிரம் ஆயிற்று. நமது தாயார் கடைசிவரை அதை ஒப்புக்கொள்ளவில்லை. "அழுக்குக்குக் காசு தர்றவன் இருந்தா, அழுக்கை வித்துட்டுப் பெட்டியை நீங்களே வெச்சுக்குங்க" என்பார்.

நோட்டில் இருந்த வரி

ஐயாயிரம் என்றாலும், நாம் கொடுத்தது 140 ரூபாய். அன்றிரவு வீட்டில் பேச்சு வந்தது.

தந்தையார் சொன்னது சரியான வியாபாரப் பேச்சு. "எடைக்கு எடுத்தோம். அவரும் எடைக்குத்தான் கொடுத்தார். யாரும் யாரையும் ஏமாத்தலை. நாளைக்கு பித்தளை விலை இறங்கி நமக்கு நஷ்டம் வந்தா, குன்னூருக்குப் போய் அவர்கிட்டக் கேட்போமா?" நம்மால் பதில் சொல்ல முடியவில்லை. இன்று யோசித்தாலும் அந்தப் பேச்சில் ஓட்டை கிடையாது. உடைசல் எடுப்பவன் ஒவ்வொரு சாமானுக்கும் பின்னால் போனால் கடை நடத்த முடியாது.

தாயார்தான் வேறு பக்கத்திலிருந்து வந்தார். "அது இருக்கட்டுங்க. உள்ளே இருக்கிற சில்லறை அவரோடதுன்னு நீங்கதானே எழுதி வெச்சீங்க? அதை முதல்ல கொடுத்துட்டு வாங்க."

ஏழு மாதமாக அந்த வரி நோட்டில் அப்படியே இருந்தது. மறுநாள் உக்கடத்திலிருந்து பூட்டுக்காரரை அழைத்துத் திறந்தோம். நமது நான்கு ரூபாய் இருந்தது. அதோடு ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட காலணா இரண்டு, நயா பைசா ஒன்று. அந்த மூன்று காசையும் காகிதத்தில் மடித்துக்கொண்டு, மேட்டுப்பாளையம் வழியாக நாம் மலை ஏறினோம். பேருந்துக் கட்டணம் அந்தக் காசைப் போல எத்தனையோ மடங்கு. தந்தையார் பெட்டி விலையைப் பற்றிப் பேச வேண்டாம் என்று சொல்லவில்லை. பேசு என்றும் சொல்லவில்லை.

பெரியவர் லயன் வீட்டுத் திண்ணையில் இருந்தார். காகிதத்தைப் பிரித்துக் காலணாவைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "இது சின்னத் துரைங்க போட்டதுங்க. காலணாவுக்குத் திறக்குமான்னு பார்ப்பாங்க. திறக்காது."

அவருக்குப் பெட்டி திறக்கும் விதம் முழுக்கத் தெரிந்திருந்தது. அந்தத் துரை வீட்டில் சீட்டாடும் நாட்களில் அதை மேசைமேல் வைப்பார்களாம். பக்கத்தில் ஒரு சுருக்குப்பையில் பெரிய செம்புக் காசு இருக்கும். துரையின் தாத்தா காலத்துச் சீமைக் காசு. விருந்தாளிகள் அதில் ஒன்றை எடுத்துப் போட்டுப் புகையிலை எடுப்பார்கள். இரவு எல்லோரும் போனபிறகு பெட்டியைத் திறந்து காசை எண்ணிப் பையில் போடுவது இவர் வேலை.

"அப்ப நீங்க ஏன் எங்ககிட்ட இதைச் சொல்லலீங்க?" என்றோம்.

"நீங்க கேக்கலீங்களே. பித்தளைக் கடைக்காரங்க பித்தளையைத்தானே பாப்பீங்க." கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார். "இருபத்திரண்டு வருஷம் சாவி எங்கிட்டத்தாங்க இருந்துச்சு. ஒரு காசு குறைஞ்சதில்லை."

நாம் கடிதத்தில் வந்த விலையைச் சொன்னோம். புளி போட்டுத் தேய்த்ததையும் சொன்னோம். அவர் விலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பெட்டி இன்னும் உருக்காமல் இருக்கிறதா என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார்.

திரும்பி வந்து தந்தையாரிடம் நடந்ததை அப்படியே சொன்னோம். சாவிப் பேச்சை மட்டும் இன்னொரு முறை சொல்லச் சொன்னார். பிறகு கணக்குப்பிள்ளையை அழைத்தார். பெட்டியின் விலை 5,000. அதில் தரகு நூற்றுக்குப் பத்து, 500 ரூபாய். முன்பே கொடுத்தது 140. பாக்கி 4,360. "எந்தத் தலைப்புல எழுதறதுங்க?" என்று கணக்குப்பிள்ளை கேட்டார். "கொள்முதல்தான். வேற என்ன?" என்றார் தந்தையார். சரக்குப் பணம் முடங்கியிருந்த நேரம் அது. ஆவணியில் பாதியும் தீபாவளி வியாபாரம் முடிந்ததும் மீதியும் அனுப்பினோம். தரகைக் கழித்ததைப் பற்றி நாம் பின்னால் குறையாகச் சொன்னபோது, "தரகு நம்ம உழைப்பு, அதை ஏன் விடணும்?" என்று கேட்டார்.

பெட்டியை விற்கவில்லை. ஐயாயிரம் கொடுத்து வாங்கிய சரக்கு என்று ஆகிவிட்டதால் கடையிலேயே இருக்கட்டும் என்றார். சுமை இறக்குகிறவர்களுக்காக அதில் கடலைமிட்டாய் போட்டு வைத்தார். புகையிலை வைக்கத் தாயார் விடவில்லை. ஒரு ரூபாய்க்கு ஒரு மிட்டாய். பெரிய ரூபாய்க்குத்தான் திறக்கும் என்பதால், துரை வீட்டில் செய்ததைப் போலப் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் பெரிய ரூபாய்கள். தங்கள் சின்ன ரூபாயைக் கிண்ணத்தில் போட்டுவிட்டுப் பெரிய ரூபாயை எடுத்துப் பெட்டியில் போட வேண்டும். முதல் மாதம் 200 மிட்டாய்க்கு 171 காசு இருந்தது. யார் என்று தந்தையார் விசாரிக்கவில்லை. கணக்கை மட்டும் பெட்டிக்குமேல் சுவரில் எழுதி ஒட்டினார். அடுத்த மாதம் 200-க்கு 203 வந்தது. அந்த மூன்று யாருடையது என்று இன்றுவரை தெரியாது.

தந்தையார் 2009-இல் காலமானார். பெரிய ரூபாய் இப்போது கண்ணில் படுவதில்லை. கிண்ணத்தில் நாம் சேர்த்துவைத்த பதினெட்டுதான் சுற்றிச் சுற்றி வருகிறது. பத்து ரூபாய் நாணயம் 27 மில்லிமீட்டர். சாய்த்து அழுத்தினால் சில நேரம் திறக்கிறது. (அந்தப் பத்து ரூபாய் நாணயத்தை வாங்க மறுப்பவர்கள் நமது வீதியிலேயே இருந்தார்கள். பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் தெளிவாக அறிவித்த பிறகும் தயங்கியவர்கள் உண்டு.) வில் ஒருமுறை தளர்ந்து, உக்கடத்தில் புதிது போட்டோம். பழைய வில்லைக் காசு அறையிலேயே பத்திரமாக வைத்திருக்கிறோம்.

உறுப்பினர்கள் வீட்டிலோ, வாங்கிய உடைசலிலோ காசு பிளவும் இரண்டு மூடியும் உள்ள பித்தளைப் பெட்டி வந்தால், முதலில் பிளவின் நீளத்தை அளந்து பாருங்கள். கொடுத்தவரின் பெயரையும் ஊரையும் எழுதி வையுங்கள். தயவுசெய்து புளி போட வேண்டாம். நமது பெட்டியைப் பார்க்க விரும்புகிறவர்கள் கடை நேரத்தில் எப்போது வேண்டுமானாலும் வரலாம். ஒரு ரூபாய்ச் சில்லறை கொண்டுவரவும்.